எஸ்தரம்மாளின் தோல் வேலையும் நம் ஆலய வாசலும்

ஆலயத்தில் மணியடிக்கும் தாவீது வந்து, எஸ்தரம்மாள் இறந்துவிட்டார் என்று சொன்னார். கூடவே, "பாவம், கஷ்டத்துல தோல் துண்டு பொறுக்கித் தெச்சு காலம் தள்ளுன அம்மா" என்றார். முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பொய். அடக்கத்துக்கு வந்த பலரும் அதையே சொன்னார்கள். அவர் வேலைக்கு இனி ஆலயத்தில் இடமில்லை என்றும் சிலர் பேசினார்கள். அதனால்தான் சபையாருக்கு இதை எழுதுகிறேன். எஸ்தரம்மாளின் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆசைப்பட்டுத்தான் அந்த அம்மாள் தைத்தார்.

ஷாப்பில் வெட்டி எறியும் ஓரத்துண்டுகளைக் கேட்க அவர் போனபோது நானும் உடனிருந்தேன். முதலாளி சாயபு சிரித்தார். "இன்னாம்மா செய்யப் போறே இத்த வெச்சி?"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன் பாய். தெரியலன்னுதான் எடுத்துட்டுப் போறேன்."

சாயபு ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

அந்தச் சாக்கைச் சுற்றித்தான் புதன்கிழமை மதியக் கூட்டம் உண்டானது. சமையலை முடித்த பெண்கள் அவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து தைப்பார்கள். மாதிரி எதையும் அவர் காட்டமாட்டார். பக்கத்து வீட்டு ஜுலேகா ஒருமுறை சுவருக்கு மேலே தன் பையை நீட்டினாள். "அக்கா, பேஜாரா போச்சு. ஓரம் கோணிக்கிச்சு."

"இன்னும் கொஞ்சம் கோணலாக்கு. மீனு மாதிரி வரும்."

மீனாகவே வந்தது. "இத்தக் கொழம்பு வெக்கறதா, காசு போட்டு வெக்கறதா?" என்றாள் ஜுலேகா.

நான் கான்வென்டில் தையல் படித்தவள். கோணலை மன்னிப்பதில்லை. என்றாலும் அந்த மீனைப் போல ஒன்றை எங்கள் வகுப்பில் யாரும் செய்ததில்லை.

நான் விதவையானபோது ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வேதவசனம் சொன்னார்கள். எஸ்தரம்மாள் ஊசியைக் கையில் கொடுத்தார். "அழுதுகினே தெக்கலாம்மா, ஒண்ணும் ஆகாது."

ஓர் அறுப்பின் பண்டிகைக்கு, ஆவாரம்பூ வடிவம் வெட்டிய வேதபுத்தக உறை ஒன்றை அவர் கொண்டுவந்தார். ஆலயத்துக்குள் காணிக்கையாக வைத்திருந்த பூசணிக்கும் வாழைத்தாருக்கும் பக்கத்தில் அதை வைக்கப் போனார். கமிட்டி மூப்பர் ஒருவர் தடுத்தார். "தோலை உள்ள வெக்காதம்மா. வாசல்ல வையி."

"உங்க கையில இருக்கற வேதத்துக்கு இன்னா அட்டைங்கய்யா, வாழப்பட்டையா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. உறை வாசலுக்குப் போனது. எஸ்தரம்மாளும் போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆராதனை முழுவதையும் கேட்டார். பிறகு ஒவ்வோர் ஆண்டும் பெண்கள் செய்தவற்றை எடுத்துவந்தார். ஒவ்வோர் ஆண்டும் வாசலிலேயே உட்கார்ந்தார்.

அவரோடு அந்த வழக்கம் முடிந்தது, இனி வாசலிலும் வேண்டாம் என்று கமிட்டியில் பேச்சாம். நம் ஆம்பூரில் தோலால் சோறு உண்ணாத வீடு எது? பிழைப்புக்குத் தொடும்போது நாறாத தோல், அழகாக்கிப் படைக்கும்போது மட்டும் ஏன் நாறுகிறது?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் புதன்கிழமையை. பெண்கள் இப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். தையல் தளர்ந்தால் கண்டிக்கிறேன். என்ன செய்யலாம் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

வரும் பண்டிகைக்கு அவர்கள் செய்தவற்றோடு வருவேன். நான் வாசலில் உட்கார மாட்டேன். மற்றக் காணிக்கைகளோடு உள்ளே இடம் உண்டா, இல்லையா என்பதைக் கமிட்டியார் பண்டிகைக்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.