சின்னப் பந்தயமும் என் மரியாதையும்

மாலை நாலு பத்துக்கு என் சரிவு தொடங்கியது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் குடியிருப்பின் போக்கர் சீட்டாட்டப் போட்டி; நானும் மகளும் ஆடினோம். பணம் கிடையாது, பந்தயத்துக்குச் சிப்ஸ் என்ற பிளாஸ்டிக் வில்லைகள், ஜெயித்தால் கோப்பை மட்டும். மகள் தோற்றால் இனி வீட்டில் சீட்டுக்கட்டே கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள்.

புதிதாக ஆடவந்த பாக்கு வியாபாரி சின்னதாகவே பந்தயம் கட்டினார். என்னிடம் இரண்டு ராஜா என்ற பலமான கை இருந்தும், புது ஆளை மிரட்டக் கூடாதென்று உயர்த்தாமல் அதே அளவு கட்டியே வந்தேன். கடைசிச் சீட்டு அவருக்குச் சேர்ந்து, அவர் கை என்னுடையதை மிஞ்சிவிட்டது. சிப்ஸ் எல்லாம் போய் நான் வெளியேறினேன்.

முடிவில் அவரும் மகளும் மட்டும்.

"நூறு சிப்ஸ் வெச்சுக்கறனுங்க" என்றார்.

"ஆயிரமுங்க மாமா" என்றாள் மகள்.

"அடேங்கப்பா அம்மணி!" என்று அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்தார். அதன்பின் அவரால் மீளவே முடியவில்லை; கோப்பை மகளுக்கு.

இப்போதெல்லாம் சின்னப் பந்தயம் வந்தால் நானும் தயங்காமல் உயர்த்துகிறேன்.

அன்று ஆட்டம் முடிந்தபின் வந்த மனைவி மகள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். "சீட்டுக்கட்டு ஊட்லயே இருக்கட்டும் கண்ணு. மொதல்ல உங்கப்பாவுக்கு ஆடச் சொல்லிக்குடு."