ஸ்டெல்லா அக்காவின் இடது கை

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த அந்த டிசம்பரில் நான் வகுப்பின் முதல் மாணவன். தலைமையாசிரியரின் ஒரே மகன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கப் பங்குச் சாமியார் பெயர் சொல்லி அழைத்த ஒரே சிறுவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வயதிலேயே என் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பது தெரியாவிட்டால், அந்த வார்த்தை செய்த கெடுதலின் அளவும் வாசகருக்குத் தெரியாமல் போகும்.

அந்த விடுமுறையை நினைத்தால் முதலில் எழுவது காப்பிப்பழத் தோல் புளிக்கும் வாடை. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் என் பெரியப்பா கணக்கெழுதும் ‘ரைட்டர்’ வேலை பார்த்தார். திருவிடைமருதூருக்கு அருகிலிருந்த எங்கள் கிராமத்திலிருந்து புறப்பட்டு, வத்தலக்குண்டில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் கொண்டாட நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவருடைய மகள் ஸ்டெல்லா அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் எட்டாம் வகுப்பே. அதற்கு மேல் அங்கே பள்ளி கிடையாது. ஆகையால் ஜூன் முதல் அவர் எங்கள் வீட்டில் தங்கிக் கும்பகோணத்தில் படிப்பதென்று அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்திருந்தார்கள். அக்காவுக்கு அதே நினைவு. “டேய், அந்தப் பள்ளிக்கூடத்துல லைப்ரரி இருக்காமே, ஒரு தடவைக்கு எத்தன புக்கு தருவாங்க?” என்று நாளுக்கு நாலு முறை கேட்பார்.

ஆற்றங்கரை மேட்டைத் தவிர வேறு ஏற்றம் அறியாத கால்கள் என்னுடையவை. புல்சரிவில் பாக்குமட்டையில் உட்கார்ந்து சறுக்குவதையும், பாறையைப் பல்லிபோல் பற்றி ஏறுவதையும் அக்காதான் கற்றுக்கொடுத்தார். நான் பாதியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், “தஞ்சாவூர் மகாராசாவுக்குப் பல்லக்கு கொண்டாங்கப்பா!” என்று மேலிருந்து கூவுவார், பழம் பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, குடிலுக்குப் பாசி எடுக்க இருவரும் போனோம். எங்கள் ஊரில் குடிலுக்கு வைக்கோலும், சட்டியில் முளைக்கவைத்த நெல்நாற்றும்தான். மலையிலோ பாறையிலிருந்து கம்பளம்போல் உரித்தெடுத்த பச்சைப் பாசி. கூடை நிரம்பும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. ஐந்தடிக்கு அப்பால் அக்காவின் பாவாடை நிறம்கூடத் தெரியவில்லை.

“மூட்டம் எறங்குனா எடத்த விட்டு அசையக்கூடாது, தம்பி. இப்படி உக்காரு. அரை மணி நேரத்துல தானா வெலகிடும்.”

எங்கேயோ கீழே ஓடைச் சத்தம் கேட்டது. வயல்வெளியில் திசை தவறினால் வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொள், அது உன்னை ஊரில் கொண்டு விடும் என்பது எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். “தண்ணி ஊருக்குப் போவாம வேற எங்க போவும்? ஓடையோரமா எறங்குனா வீடு வந்துடும்” என்றேன்.

“டேய், இது உங்க ஊரு வாய்க்கா இல்லடா!”

ஒரு வாரமாக வாங்கிய கேலிக்கெல்லாம் அன்று பதில் சொல்லிவிட வேண்டுமென்று எனக்கு வீம்பு. இறங்கினேன். அக்கா கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்து, என்னைத் தாண்டி, முன்னால் நின்று இரு கைகளையும் விரித்து வழியை மறித்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வழுக்குப் பாறை, அவர் இடது கை அடியில் மடங்க விழுந்தார். அப்போது மூட்டம் சற்றே கிழிந்தது. அவர் விழுந்த இடத்திலிருந்து நாலு எட்டில் ஓடை முடிந்து போயிருந்தது. தண்ணீர் பாறை விளிம்பைத் தாண்டியது. அதற்கப்பால் வெறும் வெண்மை. நான் பாறையைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒடிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவரே எழுந்து, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு அடியாகச் சொல்லிச் சொல்லி மேலே ஏற்றிக் கொண்டுவந்தார்.

வாசலில் பெரியப்பா கேட்டார்: “ஓடப் பக்கம் யாரு எறங்குனது?” கேள்வி இருவருக்கும், பார்வை என்மேல். “அக்காதான் முன்னால போச்சு” என்றேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யை இந்த எழுபது வயதுக்குள் நான் சொன்னதில்லை. இன்னும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டாத அந்த ஒடிந்த கையோடு நின்ற மகளைப் பெரியப்பா கன்னத்தில் அறைந்தார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அன்று மாலை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகும் ஊர்வலத்தில், மூங்கில் நட்சத்திரத்தைக் கம்பில் உயர்த்திப் பிடித்து முன்னால் நடப்பது வருடந்தோறும் அக்காவின் உரிமை. அந்த வருடம் அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் அக்கா கல்கல் பலகாரத் தட்டை ஒற்றைக் கையால் என் பக்கம் தள்ளி, “இப்பவாச்சும் தண்ணி எங்க போவுதுன்னு தெரிஞ்சிச்சாடா?” என்று மெல்லக் கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார்.

பொங்கல் கழித்து அப்பாவுக்குப் பெரியப்பாவின் கடிதம் வந்தது. ‘வீட்டுக்கு வந்த பிள்ளையையே பள்ளத்தில் தள்ளப் பார்த்த பெண், டவுனில் யார் சொல்லைக் கேட்கப் போகிறாள்’ என்று எழுதி, படிப்பு வேண்டாமென முடித்திருந்தார். அப்பா அதை அம்மாவிடம் படித்துக் காட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலையில் சொன்னது பயத்தில் வந்த சொல் என்று தப்பிக்கலாம்; சாப்பாட்டுத் தட்டின் முன் காத்த மௌனத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்தேன், கல்லூரியில் கற்பித்தேன், முதல்வராக ஓய்வு பெற்றேன். அக்கா பதினெட்டில் மணமாகி, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் வாழ்ந்தார். அந்தக் கை கடைசிவரை முழுதாக நீளவில்லை.

மலையிலிருந்த அந்தக் காப்பித் தோட்டம் இப்போது விடுதியாகிவிட்டது. லயன்கள் இல்லை, நட்சத்திரம் தூக்கிப் பாடுகிறவர்களும் இல்லை. ஓடை விளிம்பில் கம்பிவேலி போட்டு, படம் எடுத்துக்கொள்ள மேடை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. சென்ற மாதம் அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தபின், அவர் மகன் எழுந்து பேசினார்: “அம்மா சின்ன வயசுலயே பெரிய துணிச்சக்காரி. மாமாவ ஓடப் பக்கம் இழுத்துட்டுப் போயி கைய ஒடச்சிக்கிட்டாங்க. நம்ம பிரின்சிபல் மாமாதான் அன்னிக்கு அம்மாவ பத்திரமா வீட்டுல கொண்டாந்து சேத்தாங்க.” எல்லாரும் அன்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் இருந்த நான் கைகூப்பினேன்.

அக்காவின் மகன் சொன்னது தவறு. ஓடைப் பக்கம் இறங்கியவன் நான். அக்கா என்னைத் தடுக்க வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டவன் நான். வீடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர்.