அவளோடு பொறுக்கணும்

எங்கள் மலைத் தேவாலயத்துக்குப் புதிதாக வந்த சாமியாருக்குத் தமிழ் தெரியும் என்று எவன் சொன்னானோ, அவன் நல்லா இருக்க மாட்டான். கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாளத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் தமிழாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி வந்த கூட்டம். தமிழை உரக்கப் பேசினால் மலையாளமாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் கடவுள்தான்.

சாந்தன்பாறைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எழுபதுகளில் அங்கே ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தால் எல்லோரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆகவேண்டும். செய்யாதவருக்கு ஈஸ்டருக்கு நன்மை, அதுதான் பூசையில் கொடுக்கும் அப்பம், கிடையாது. நான் வருஷா வருஷம் ஒரே பாவங்களைத்தான் கொண்டுபோவேன்: பொய், கோபம், பூசை நேரத்தில் தூக்கம். புதுப் பாவம் செய்ய அந்தத் தோட்டத்தில் நேரமும் கிடையாது, வசதியும் கிடையாது. ஆனால் அந்த வருஷம் கனமான சரக்கு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி நாசமாய்ப் போகவேண்டும் என்று தினமும் ஜெபமாலையோடு சேர்த்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா ஒன்றும் வேண்டவில்லை. காயெடுப்பு நடந்த சமயம், என் அம்மா மடியில் ஏலக்காயை ஒளித்துக் கொண்டுபோகிறாள் என்று அவள் கங்காணியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஆள் எடுக்கும் இடத்தில், ஆணும் பெண்ணும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி அம்மாவின் மடியை அவிழ்த்து உதறச் சொன்னார். அம்மா உதறினாள். வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் விழுந்தன. கங்காணி "சரி, சரி, போ" என்றார். அம்மா போனாள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான், பிறகு வேலைக்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. தண்ணீர்க் குழாய்க்குக்கூட நான்தான் போனேன். அம்மா மறுபடி தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டவேண்டும். அந்த ஒன்றைத் தவிர எனக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் பாவசங்கீர்த்தனக் கூண்டின் ஓட்டைப் பலகைக்கு இந்தப்பக்கம் முழங்காலில் இருந்து கொட்டித் தீர்த்தேன். அந்தப்பக்கம் சாமியார் ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சினார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"நீ அவளோடு பொறுக்கணும். அவளோடு பொறுத்தால் தைவம் நின்னோடும் பொறுக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோடு பொறுக்குவதா? எதை? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போவோம். அதைத்தான் சொல்கிறார், வேறு என்ன பொறுக்க இருக்கிறது அந்த மலையில்? அந்தச் சண்டாளியோடு சேர்ந்து விறகு பொறுக்கு, கடவுளும் வந்து உன்னோடு பொறுக்குவார் என்கிறார். கடவுள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை கடிக்க, குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அதையும் ஒரு பாவமாக அங்கேயே சேர்த்துச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "விறகுக்குப் போலாம், வா." அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு முன்பு வாய் நிறைய சித்தி என்று கூப்பிட்டவளை அன்று ஆடு மாட்டைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தபசு காலம் முழுக்க இப்படியே போனது. இரண்டு பேரும் பேசுவதில்லை. அவள் குனிந்தால் நான் நிமிர்வேன். நல்ல காய்ந்த கட்டையாகப் பார்த்து அவள் என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் வேண்டுமென்றே பச்சைக் கொம்பாகப் பார்த்து அவள் கட்டுக்குள் செருகுவேன். தூக்கிச் சுமக்கட்டும், கழுத்து ஒடியட்டும். பரிகாரம் செய்துகொண்டே பாவமும் செய்தது அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்று கோயில் வாசலில் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொறுத்தோ?"

"நெறைய பொறுக்கியாச்சு சாமி. வீடு முட்ட வெறகு கெடக்கு. ஒங்களுக்கும் ஒரு கட்டு கொண்டாரட்டா?"

சாமியார் பக்கத்தில் நின்ற, இரண்டு பாஷையும் தெரிந்த உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏ மூதேவி, மலையாளத்துல பொறுக்கணும்னா மன்னிக்கணும்னு அர்த்தம்! அவள மன்னிக்கச் சொன்னாரு!"

"மன்னிக்கவா?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அது என்னால ஆகாது சாமி. வேணும்னா ஈஸ்டர் தாண்டி பெந்தெகோஸ்து வரைக்கும் வெறகு பொறுக்குதேன்."

"அப்படியென்றால் நன்மை கிடையாது" என்றார் சாமியார், சுத்தமான தமிழில்.

போகட்டும் நன்மை என்று விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். இனி அவள் மூஞ்சியில் முழிக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. பார்த்தால், லயத்து வீட்டு வரிசைக் கோடியில் கயிறோடு நிற்கிறாள்.

"இன்னைக்குப் போகலையா?" என்றாள்.

"இனிமே கெடையாது. சாமி சொன்னத தப்பா வெளங்கிக்கிட்டேன்."

அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ என்னய மன்னிச்சிட்டதாலதான் கூப்புடுதன்னு நெனச்சேம்ட்டி. ஒவ்வொரு வாரமும் சொல்லிருவோம் சொல்லிருவோம்னு வாரேன், வாய் வரல. காயி எம்மடியிலதான் இருந்துச்சு. கங்காணி புடிச்சிட்டாரு. வேற யாரு எடுக்கான்னு சொல்லு, ஒன்னய விட்டுருதேன்னாரு. ஒங்கம்மா பேருதான் மொதல்ல வாயில வந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே அடித்திருப்பேன். அடிக்கவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இதை எங்கம்மாகிட்ட சொல்லு!"

சொன்னாள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி, "சாமிகிட்டயும் சொல்லிட்டேங்க்கா. மன்னிச்சிட்டாரு" என்று மூக்கைச் சிந்தினாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அவருக்கென்ன, மன்னிப்பாரு. மடிய அவுத்து ஒதறச் சொன்னது அவரையா?"

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஆள் எடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் கையைத் தூக்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள், கங்காணி கேட்டது உட்பட. சொல்லிவிட்டு வந்து பெண்கள் வரிசையில் என் பக்கமாக நின்றுகொண்டாள். கங்காணிக்கு முகம் கறுத்தது. "திருட்டு நாயே, நாளையிலருந்து ஒனக்கு இங்க வேல கெடையாது" என்று கத்தினார்.

அப்போது பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். என் அம்மா. எத்தனை மாதம் கழித்து! குளித்து, தலை சீவி, வேலைக்கு வருகிறாற்போல இடுப்பில் சாக்கைக் கட்டியிருந்தாள். நேராகக் கங்காணி முன்னால் போய் நின்றாள்.

"எம்மடியப் பாத்தாச்சு. அவ மடியயும் பாத்தாச்சு. இப்ப ஒம்ம மடிய அவுத்து ஒதறும், பாப்போம்."

கங்காணியின் கை தானாகப் போய் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு தோட்டமே சிரித்தது. கங்காணி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, பேரை மட்டும் கடகடவென்று கூப்பிட்டார். அம்மா பெயரும் வந்தது. "இருக்கேன்" என்றாள் அம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவள் தோளில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். யார் தோள் என்று அப்புறம்தான் பார்த்தேன்.