ஒன்றாம் நம்பர் நாற்காலி

எங்கள் கல்லூரி லேபில் இருபத்திரண்டு மெஷின்கள். இன்டர்நெட் வந்தது ஒன்றே ஒன்றில். ஏசிக்கு நேர் கீழே, ஜன்னல் ஓரமாக இருக்கும். ஒன்றாம் நம்பர் மெஷின் என்போம். அதன் நாற்காலிக்கு மட்டும் சக்கரம் உண்டு. மற்றதெல்லாம் மர ஸ்டூல். அந்த நாற்காலியில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கழித்து எனக்கே பாதி சிரிப்புதான் வருகிறது. மீதிப் பாதிதான் தொண்டையில் நிற்கிறது.

அந்த மெஷின் மாணவர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. வாசலில் ‘கணினி மாணவர் சங்கம்’ என்று பலகை தொங்கினாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அசோசியேஷன் என்றுதான் சொல்வோம். மாதம் ஒரு கூட்டம், ஒரு சுவர்ப் பத்திரிகை, வருஷத்துக்கு ஒரு பெரிய விழா. இதையெல்லாம் விட முக்கியமாக ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குப் பிறந்தநாளோ, அன்று மாலை நாலு மணி முதல் ஐந்து மணி வரை ஒன்றாம் நம்பர் மெஷின் அவருக்கு. சும்மா தனியாக உட்கார்ந்து எழுந்து வருவதில்லை. மொத்தக் கூட்டமும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். “ஸ்கோர் பாருடா”, “அந்தப் புதுக் காரு படத்தத் தேடு”, “எனக்கு ஒரு மெயில் ஐடி போட்டுக் குடு” என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். ஐந்து மணியானதும் நாற்காலியைப் பிடித்து மூன்று சுற்று சுற்றிவிடுவார்கள். தலை கிறுகிறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சிரிப்பை நான் என் வீட்டில் கூடக் கண்டதில்லை.

நான் விவசாயக் குடும்பம். ஊர் மேற்கே, இரண்டு பஸ் மாற வேண்டும். லேப் முடிந்து கிளம்பினால் கடைசி பஸ் போயிருக்கும் என்பதால் அப்பா நெல்லித்தோப்புப் பகுதியில் ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். மாவு மில்லுக்கு மேல் மாடி. காலையில் மிளகாய் அரைத்தால் நான் தும்மிக்கொண்டே எழுவேன். கீழே தெருவில் அத்தனை ஜனம், அத்தனை கடை, அத்தனை சத்தம். மாடியில் நான் மட்டும். ஒருநாள் படுத்துக்கொண்டு அன்று முழுக்க என்னவெல்லாம் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். “பிரசன்ட் சார்.” “மெஷின் ஹேங் ஆயிடுச்சு சார்.” “அண்ணே, ரெண்டு பரோட்டா.” அவ்வளவுதான். மூன்றையும் ஒருமுறை இருட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

இரண்டாம் ஆண்டில் அந்தப் பிறந்தநாள் வழக்கத்தில் ஒரு தகராறு வந்தது. தேதிகளை நோட்டில் எழுதி வைத்து, கரும்பலகையில் சாக்பீஸால் போடுவார்கள். ஒரு பெண்ணின் பிறந்தநாளை மறந்தேவிட்டார்கள். அவள் கூட்டத்தில் எழுந்து ஒரு பாட்டம் அழுதாள். சங்கத் தலைவி என் வகுப்புக்காரிதான். டவுனில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர்கள் தெருவில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் எழுந்து, “இதுக்கு யாராச்சும் ஒரு புரோகிராம் எழுதித் தர்றீங்களா? காலையில மெஷினப் போட்டதும் பேரு தானா வர்ற மாதிரி?” என்று கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். அந்தக் கூட்டங்களில் நான் கை தூக்கியது அதுவே முதல் தடவை.

“நீ... எந்த செக்‌ஷன்?” என்றாள்.

“ஒன்னோட செக்‌ஷன்தான். ஒனக்கு ரெண்டு பெஞ்சு பின்னாடி.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்! இருக்கட்டும், என் பெயரை இருபத்திரண்டு திரையிலும் பார்க்கும்போது தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

துறை அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து தேதிகளை எடுத்தேன். அதில் ஒரு வேடிக்கை. கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதுக்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டிருப்பார், அதோடு பிறந்தாயிற்று. என் தேதியும் மே மாதம்தான். மே மாதத்தில் லேப் பூட்டிக் கிடக்கும். எனக்குத் திக்கென்றது. அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவைக் கேட்டேன்.

“நான் எப்பம்மா பொறந்தேன்?”

“எதுக்குடா திடீர்னு?”

“சொல்லும்மா.”

“தை மாசம்டா. பொங்கலு, கரிநாள் எல்லாம் கழிச்சு வந்த மொத வெள்ளிக்கெழம. களத்துல நெல்லு கெடக்குது, ஒங்கப்பாரு ஆளக் காணோம், நான் வலியில கத்துறேன்...” என்று ஆரம்பித்தவள் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. கோவில் குருக்களிடம் பழைய பஞ்சாங்கம் இருந்தது. அதைப் புரட்டி அந்த வெள்ளிக்கிழமைக்கு இங்கிலீஷ் தேதி கண்டுபிடித்தேன். இருபது வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு பிறந்தநாள் கிடைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது தலைகால் புரியவில்லை.

அந்தத் தேதி என் வீட்டையும் அந்தக் குருக்களையும் தவிர யாருக்கும் தெரியாது. புரோகிராமுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சோதித்துப் பார்க்க மெஷினின் தேதியை முன்னே தள்ளி வைக்க வேண்டும். யாருடைய பிறந்தநாளையாவது வரவழைக்க வேண்டும். மற்றவர் பெயரை வைத்துச் சோதித்து ஏதாவது விபரீதம் ஆகிவிட்டால்? என் பெயரையே வைத்தேன். அப்புறம் பார்த்தால், லேபில் நாலைந்து மெஷின்களில் பேட்டரி செத்துப்போய்த் தேதி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் வேளைகெட்ட வேளையில் என் பெயர் வந்து நின்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டி எப்படியோ சரி செய்தேன். பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு, “நீயே வேற ஒன்னு மாத்திக்கோ, எனக்குக்கூடச் சொல்லாத” என்று தலைவியிடம் பெருந்தன்மையாகக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட முதல் இடம் அது. இன்னொரு இடமும் இருந்தது. அது எனக்கு ரொம்ப நாளைக்குத் தெரியவில்லை.

புரோகிராம் நன்றாகவே ஓடியது. ஐப்பசியில் இரண்டு பேர், கார்த்திகையில் நாலு பேர். ஒவ்வொருவர் பெயரும் காலையில் திரையில் வரும். லேப் முழுக்கக் கைதட்டும். நாலு மணிக்கு நானும் போய்க் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பேன். யாரும் என்னை அழைத்ததில்லை. போ என்று சொன்னதும் இல்லை.

தை மாதம் அந்த நாள் வந்தது. பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு லேப் திறக்கும்போதே போய் நின்றேன். ஒரு மெஷினைப் போட்டேன். ‘இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை’ என்று வந்தது. அந்த வாக்கியத்தை அடித்தவனும் நான்தான். அடுத்த மெஷினைப் போட்டேன். அதற்கடுத்ததையும் போட்டேன். இருபத்திரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே வாக்கியம்.

அன்று முழுக்க என்ன பாடம் நடந்ததென்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு லேபுக்குள் போனபோது தலைவி ஒன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ மெயில் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் அவள் கையில், பாஸ்வேர்டு அவள் கையில். நேரே அவள் எதிரில் போய் நின்றேன்.

“எதுக்கு என் பேர எடுத்த?”

“எந்தப் பேர?”

“நடிக்காத. லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துட்ட.”

“நான் எதயும் தொடலப்பா. இரு, இன்னிக்கு ஒனக்குப் பொறந்தநாளா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லிக் கேட்டு வாங்குறதா அது? பட்டிக்காட்டான்தானேன்னு நெனச்சுட்ட இல்ல? போ, நீயும் ஒன் அசோசியேஷனும்!”

லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சிவந்துபோயிற்று. நான் விறுவிறுவென்று வெளியே வந்தேன். பின்னால் யாராவது கூப்பிடுவார்கள் என்று மாடிப்படியில் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கினேன்.

அதோடு சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கூட்டத்துக்குப் போகவில்லை, விழாவுக்குப் போகவில்லை. இரண்டு தடவை சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாள். இரண்டையும் படிக்காமல் கிழித்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டுவது அப்படியொன்றும் சுலபமில்லை. கோபம் மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டது. அப்புறம் இருந்தது வெறும் பழக்கம். மில் சத்தம், பரோட்டாக் கடை, நான்.

மூன்றாம் ஆண்டில் மறுபடி தை வந்தது, அந்தத் தேதியும் வந்தது. வேறு யாரும் போட்டிக்கு நிற்காததால் அந்த வருஷமும் அவளே தலைவி. லேபில் போய் மறுபடி ‘யாருக்கும் இல்லை’ என்று படிக்க எனக்குத் தெம்பில்லை. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வைத்திக்குப்பம் கடற்கரை வரை நடந்தேன். கரையில் ஏற்றியிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். மீன் விற்று முடித்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “யாருக்குத் தம்பி காத்துக்கினு இருக்க?” என்று கேட்டார்.

“யாருக்கும் இல்லக்கா.”

“அப்ப வெய்யில்ல ஏன் காயுற? வூட்டுக்குப் போ.”

நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்கும் பார்த்தேன். பிறகு எழுந்து பேன்ட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு நெல்லித்தோப்புக்கு நடந்தேன்.

கடைசி பிராக்டிகல் பரீட்சை முடிந்த அன்று அவள் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். பதினைந்து மாதம் கழித்து அன்றுதான் நேருக்கு நேர் பேச்சு. “ஒன் புரோகிராம ஜூனியர்ஸுக்குக் குடுக்கணும். சோர்ஸ் ஒன்கிட்ட மட்டுந்தான் இருக்கு. ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடுத்துட்டுப் போயேன்.” மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

லேபில் யாரும் இல்லை. ஒன்றாம் நம்பர் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதியதைத் திறந்து, மேலிருந்து கீழே ஒருமுறை படித்துக்கொண்டே வந்தேன். பாதியில் இரண்டு வரி. பதிவு எண் இதுவாக இருந்தால் காட்டாதே, தாண்டிப் போ என்று மெஷினுக்குச் சொல்லும் வரிகள். அந்தப் பதிவு எண் என்னுடையது. பேட்டரி செத்த மெஷின்களில் என் பெயர் கண்ட கண்ட நேரத்தில் வந்து மானத்தை வாங்குகிறதே என்று, அப்போதைக்கு நிறுத்தி வைக்க நானே போட்டது. பக்கத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்: ‘நாளைக்கு எடுத்துடணும்.’

எடுக்கவில்லை. மறந்துபோனேன். அடப்பாவி, என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு இரண்டு வரியையும் அழித்தேன். மெஷினின் தேதியைத் தைக்குத் தள்ளி ஓட்டினேன். என் பெயர் வந்தது. பெரிய எழுத்தில், சுற்றிலும் நான் வரைந்த பூக்களோடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள்தான்.

“என்ன, ஒன் பேரு வருது?”

“டெஸ்ட் பண்றேன்” என்றேன்.

குனிந்து திரையைப் பார்த்தாள். “ஆமா, இந்தத் தேதிதான். நீ அன்னிக்குக் கத்திட்டுப் போனியே, அப்பவே நோட்டுல எழுதி வச்சேன்” என்றாள். பிறகு சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்: “இந்த வருஷம் மெஷின்ல வரலைன்னாலும் நாங்களே எல்லாரயும் கூட்டி வச்சோம். நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் யாரயும் இந்தச் சேர்ல ஒக்கார விடல. வரச் சொல்லிச் சீட்டுகூட அனுப்பினேனே, அதுக்கு முந்தின வாரம்.”

கிழித்துப் போட்ட சீட்டு. படகு நிழல். கடிகாரத்தை நான் பார்த்த அதே நாலு மணி.

அந்த இரண்டு வரி என்னுடையது, உன் மேல் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. நான் ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினேன். “எல்லாம் இதுல இருக்கு” என்றேன்.

“தேங்க்ஸ்ப்பா. மெஷின ஆஃப் பண்ணிட்டுப் போ” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

மெஷினின் தேதியைச் சரி செய்தேன். வெளியே யாரும் இல்லையென்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தரையைக் காலால் உதைத்து அந்த நாற்காலியை நானே மூன்று சுற்று சுற்றினேன். நாற்காலி உருண்டு நடு லேபுக்கு வந்து நின்றது. கொஞ்சம் கிறுகிறுத்தது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன், சுவர் எட்டவில்லை.