துரைத் தொப்பியில் ஊசித் துளை

ஒரே நாளில் ஐந்து துரைகளின் மண்டை வெடித்ததற்கு நான்தான் காரணம். ஐவரும் ஒரு சாண் உயரப் பீங்கான் பொம்மைகள் என்பதால் சட்டம் என்னைத் தேடி வரவில்லை. சூளைக் கதவைத் திறந்தபோது, இடுப்பில் கை ஊன்றியபடி ஐந்து முண்டங்கள் விறைப்பாக நின்றிருந்தன. தொப்பிகள் சில்லு சில்லாகக் கிடந்தன.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் எனக்கு மேலாளர் என்று பெயர். இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும்தான் வேலை. மிச்ச நேரத்தில் புத்தகம் படித்தேன். படித்ததைச் சொல்லி வேலை செய்கிறவர்கள் நேரத்தையும் கெடுத்தேன். புதுச்சேரியில் கடை வைத்திருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர், வெயில் தொப்பி போட்ட பழங்காலத் துரை பொம்மை வேண்டும், முதலில் மாதிரி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். முதலாளி ஆறு மாதிரிகளை ஒட்டுப் பகுதி அக்காவிடம் ஒப்படைத்தார். அச்சில் தனித்தனியாக வார்த்த கை, தலை, தொப்பியை ஈரம் காயுமுன் சேர்த்து ஒட்டுவது அவர் வேலை. பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை பழக்கியவர் அவர்தான். ஆனாலும் மேஸ்திரி என்ற சொல் அங்கே மீசை உள்ளவர்களிடம் மட்டுமே ஒட்டியது. "இந்த மாதிரி தேறிடுச்சின்னா இனிமே நீதாம்மா மேஸ்திரி" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அக்கா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தொப்பியின் வரலாற்றைத் தொடங்கினேன். நம் வெயில் மண்டை ஓட்டைத் துளைத்து மூளையை உருக்கிவிடும் என்று துரைகள் மனதார நம்பினார்கள். தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். குழந்தைகளுக்கும் சின்ன அளவில் உண்டு. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சிப்பாய்கள் அதைக் கழற்றி வீசிவிட்டு வெயிலில் அலைந்தார்கள். யார் மூளையும் உருகவில்லை. தொப்பியின் மவுசுதான் போயிற்று. பெயர் இன்னும் வேடிக்கை. 'சோலா' என்பது ஏரி குளத்தில் வளரும் ஒரு செடி. அதன் வெள்ளைத் தக்கையில் செய்தது சோலா தொப்பி. வெயிலுக்குப் போடுவதாயிற்றே என்று துரைகளே அதைச் 'சோலார்' ஆக்கிக்கொண்டார்கள். நம் பக்கத்தில் அந்தச் செடிக்கு நெட்டி என்று பெயர் என்றேன்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். "பொங்கலுக்கு மாட்டு கழுத்துல கட்டுறமே, அந்த நெட்டியா சார்?"

அதேதான் என்றேன்.

"அதத் தலையில வச்சிக்கினுதான் நம்மள அதட்டுனாங்களா?"

பட்டறையே சிரித்தது. நான் கொஞ்சம் பெருமையாகச் சிரித்தேன்.

மறுநாள் அக்கா இல்லாத நேரம், காய்ந்துகொண்டிருந்த துரைகளைப் பார்வையிட்டேன். ஒவ்வொரு தொப்பியின் விளிம்புக்கு அடியிலும் ஓர் ஊசித் துளை. நான் படித்த தொப்பியில் காற்றுத் துளை உச்சியில் இருக்கும், அதன்மேல் ஒரு குமிழ் இருக்கும். விளிம்படியில் துளை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வரலாற்றுப் பிழையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? களிமண்ணைக் குழைத்துக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அடைத்தேன். ஐந்தாவது முடிந்ததும் டீ வந்தது. ஆறாவது துரை அந்த டீயால் உயிர் பிழைத்தார்.

சூளையைத் திறந்த அன்று முதலாளி சில்லுகளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கொடுப்பதில்லை என்றார், சுவரைப் பார்த்து. அக்கா ஒரு சில்லை எடுத்துத் திருப்பினார். "தலைக்கும் தொப்பிக்கும் நடுவுல ஈரமும் காத்தும் மாட்டிக்குதுங்க. சூடேறும்போது அது வெளிய போவ வழி வுடணும். நான் வுட்டிருந்தேன்" என்றார். அடைத்தது யார் என்று கேட்கவில்லை. கட்டைவிரல் பதிவு அதிலேயே சுட்டு இறுகியிருந்தது. அவ்வளவு மெத்தென்ற விரல் பட்டறையில் எனக்கு மட்டும்தான்.

நான்தான் அடைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். நடுவில் குமிழைப் பற்றியும் கொஞ்சம் விளக்கியதாக ஞாபகம்.

"ஏன்யா, வெள்ளக்காரன வெரட்டுனதுல ஒனக்கும் பங்கு வேணுமா?" என்றார் முதலாளி.

மிச்சமிருந்த ஒரே துரையை மடியில் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸில் புதுச்சேரி போனேன். பதினைந்து நாளில் கடிதம் வந்தது. முதலாளி அக்காவையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்கச் சொன்னார். இருநூறு பொம்மைக்கு ஆர்டர். கீழே இன்னொரு வரி: தொப்பியின் காற்றுத் துளையைக்கூட மறக்கவில்லை, உங்களிடம் வரலாறு கற்ற ஒருவர் இருக்கிறார் போலும், அவருக்கு என் பாராட்டு. என் படிப்புக்கு எழுத்துமூலமாகக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அக்கா கையில் களிமண் காய, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் மேஸ்திரிக்கு என் பாராட்டு" என்று வாசித்தேன்.

"மேஸ்திரின்னே போட்டிருக்குதா சார்?"

"ஆமாங்க, மேஸ்திரின்னுதான் போட்டிருக்குது."

மொழிபெயர்ப்புதான் இன்றைக்கும் என் பிழைப்பு. பொருள் பிசகாமல் நான் பெயர்த்த வரி அது ஒன்றுதான் என்று தோன்றும். முதலாளி கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்; கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி மேஸ்திரி, இருநூறு துரைக்கு எத்தினி நாளு ஆவும்?"

அக்கா என் கட்டைவிரலைப் பார்த்தார். "சாரு லீவு போட்டாருன்னா இருவது நாளுங்க."