எறும்புப் பெட்டிக்குக் காவல் இருந்த எட்டு நாள்

எறும்புகள் என்னைக் கொல்லத் திட்டம் போடுகின்றன என்று எட்டு நாள் முழுதாக நம்பினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, முறுக்கு மீசை, தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர் உத்தியோகம். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை.

முத்துச்சிப்பி ஜாடிகளுக்குப் பக்கத்தில் விலங்கியல் மேடத்தின் கண்ணாடிப் பெட்டி இருந்தது. ஒற்றை ராணியில் தொடங்கி மூன்று வருடமாக அவர் வளர்த்த கட்டெறும்புக் கூட்டம். சிலவற்றின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்து, எது எந்த வேலைக்குப் போகிறது என்று எழுதிவந்தார். அதை வைத்துத்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். "ராணி முட்டை போடுதா, அவ்வளவுதான். அங்கன உத்தரவு போட ஆளே கிடையாது. ஒருத்தி போன வாசனையப் பிடிச்சு அடுத்தவ போறா" என்பார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நாசரேத்துக்குக் கிளம்பியவர், பெட்டிக்குள் செருகியிருந்த, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் காட்டினார். "இது வாயில இருக்க பஞ்சு காயவே கூடாது. தினமும் தண்ணி ஊத்துங்க. உப்பளக் காத்து பொல்லாதது."

இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் அதை மறந்து, வாட்ச்மேன் அண்ணாச்சியோடு இங்கிலீஷ் படம் ஒன்றுக்கு மேட்னி ஷோ போய்விட்டேன். படத்தில் எறும்புகளுக்கெல்லாம் ஒரே மூளை, ஊரையே வளைத்துக்கொள்கின்றன. மறுநாள் வந்து பார்த்தால், எங்கள் பெட்டியில் மொத்தக் கூட்டமும் குழாய் வாயில் கறுப்பாய் மொய்த்து, உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி திறக்கும் இடமும் அதற்கு நேர்மேலேதான்.

"ஏலே, எறும்புக்குப் பயந்தா ஸ்டூல்ல ஏறி நிக்க?"

"கூட்டம் போடுதுவ அண்ணாச்சி, பாருங்க."

"சங்கம் வைக்கப்போகுதுவளோ என்னமோ. ஹார்பர் யூனியன்ல சேத்து விடுல!"

சிரித்தாரே தவிர, அண்ணாச்சியும் மூடியைத் தொடவில்லை. நான் கதவிடுக்கில் துணியை அடைத்தேன். தினமும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். கூட்டம் கலையவில்லை என்று தெரிந்ததும் ஓடிவிடுவேன்.

எட்டு நாள் கழித்து மேடம் வந்தார். வெறுங்கையால் மூடியைத் திறந்தார்.

"தண்ணி வச்சியளா?"

"வச்சேன் மேடம்."

குழாயை உருவிப் பஞ்சைக் கிள்ளினார். அது விரலில் பொடியாக ஒட்டியது. தண்ணீர் ஊற்றினார். செத்தவை போக எஞ்சியவை கொஞ்சம் குடித்தன. பிறகு மூலையில் கால்களை மடக்கிக் கிடந்த ராணியிடம் போய், அதை நக்கிக்கொண்டே நின்றன.

"வேற ராணிய விட்டா, மேடம்?"

"கொன்னுருவாளுவ."

அதன் பிறகு தினமும் இருவரும் பெட்டியருகே நின்றோம். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பஞ்சு காய்ந்ததால் தண்ணீர் தேடித்தான் அவை அங்கே கூடின. நான் ஊற்றவில்லை. ராணி செத்தது. ஐப்பசி மழைக்குள் மற்றவையும் ஒவ்வொன்றாகச் செத்தன.