ஆந்திராவில் மாட்டிக்கொண்ட லைசென்ஸ்

லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஏது முழுத் தூக்கம்? 1991-ல் நாங்கள் மண்ணூரில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். எங்கேயோ லாரி கவிழ்ந்தது என்று யாராவது பேச்செடுத்தாலே எந்த வண்டி, யார் ஓட்டினது என்று விசாரிக்க ஓடுவேன்.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் வேலை அமைந்தது. காலையில் ஆட்களை ஏற்றி வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விட்டால் முடிந்தது. குவார்ட்டர்ஸும் உண்டு. தினமும் வீட்டுக்கு வருகிற புருஷன்! நான் கும்பிடாத சாமி இல்லை. வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம். வீட்டு ஓனரம்மா உடனே தெற்கத்திப் பையன்கள் நாலு பேருக்கு அதை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டாள்.

கம்பெனியில் கேட்டது ஒன்றுதான். திங்கட்கிழமை ஒரிஜினல் லைசென்ஸோடு வந்து சேர வேண்டும். அது இவரிடம் இல்லை.

முந்தின வருஷம் பெங்களூர் லைனில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆந்திரா எல்லைக்குள் ஒரு இறக்கத்தில் வேகமாக வந்தார் என்று போலீஸ் பிடித்தது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, தெலுங்கில் ஒரு சீட்டைக் கொடுத்தது. அந்த ஊர் கோர்ட்டில் அபராதம் கட்டி மீட்க வேண்டும். லாரிக்காரர்கள் அதற்கென்று ஒரு நாளை வீணாக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் போகிற இன்னொரு டிரைவரிடம் சீட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டால், அவன் கட்டி வாங்கி வந்து கொடுப்பான். இவரே எத்தனையோ பேருக்கு வாங்கி வந்திருக்கிறார். தன்னுடைய சீட்டையும் அப்படித்தான் தண்டலம் டீக்கடையில் ஒரு டிரைவரிடம் கொடுத்தார். பிறகு எல்லை தாண்டாமல் உள்ளூர் ஜல்லி லோடாகவே அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா லைசென்சு?" என்று நான் கேட்காத மாதம் இல்லை.

"வந்துடும்டி. குடுத்து வுட்டுக்கீறேன் இல்ல?" என்பார். கடிதம் போட்டவர் கூட இத்தனை நம்பிக்கையாகக் காத்திருக்கமாட்டார்.

இப்போது ஓடிப்போய் அந்த டிரைவரைப் பிடித்தார். நானும் கூடவே போனேன்.

"எனுக்கு அந்தத் தபா வேற லோடு வந்துச்சுபா. அந்தப் பக்கம் போற வண்டில ஒருத்தன்கிட்ட அன்னிக்கே குடுத்துட்டேனே."

"யார்கிட்ட?"

"பேரு இன்னாவோ... பாத்தா தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை அங்கேயே உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து இருவரும் அந்த ஊர் கோர்ட்டுக்கே போனோம். குமாஸ்தா நல்ல மனிதர், தமிழும் பேசினார். ஒரு சாக்கை இழுத்துத் தரையில் கொட்டித் தேடினார். அத்தனையும் லைசென்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவரின் முகம். பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். இவர்களின் பெண்டாட்டிகளும் 'வந்துடும்' என்ற பதிலைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

இவருடையதும் இருந்தது. கண்ணெதிரே, கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில்.

"வாய்தாவுக்கு வரலை, வாரண்ட் ஆயிருக்கு. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நின்னு பணத்தைக் கட்டினாத்தான் தர முடியும். அவர் லீவு. அடுத்த வாரம் வாங்க" என்றார் குமாஸ்தா.

"திங்கக்கெழம வேலைல சேரணும் சார். வூட்டக்கூட காலி பண்ணிட்டோம் சார்" என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நான் என்னம்மா பண்ண முடியும்?" என்று எல்லாவற்றையும் திரும்பச் சாக்கில் அள்ளிப் போட்டார். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

அடுத்த வாரம், திங்கட்கிழமை தாண்டிய பிறகு, இவர் மட்டும் போய், மாஜிஸ்ட்ரேட் முன்னால் கைகட்டி நின்று, அபராதம் கட்டி லைசென்ஸை வாங்கினார். அங்கிருந்தே பெங்களூருக்கு ஓடினார். கம்பெனி கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள், வேறு ஆளைப் போட்டாயிற்று என்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பழைய முதலாளியும் வண்டிக்கு வேறு டிரைவர் வைத்துவிட்டார். நானோ, வீட்டுக்கு அந்தப் பையன்கள் குடிவந்துவிட்டதால், தெரிந்தவர்கள் வீட்டுக் கொட்டகையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கிடைத்தது பம்பாய் லைன் வண்டி. போனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. அந்த முதலாளி லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கே ஏறிடு" என்றாராம்.

"இன்னாடி பண்றது? வேற வண்டி இல்ல" என்றார் இவர். சட்டைப் பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். போகாதே என்று சொன்னால் எதைத் தின்பது?

அந்தப் பாழாய்ப்போன லைசென்ஸ் அந்தச் சாக்கிலேயே கிடந்து செல்லரித்துப் போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுதேன்.